விளக்கை அணைத்த கை

பஸ்ஸை இழுவை வண்டியில் கட்டிக் கொண்டுவந்து பணிமனையின் கடைசிக் கொட்டகையில் நிறுத்தினார்கள். இடது பக்கம் முழுக்கப் பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தது. முன்படிக்கட்டு உள்பக்கமாக மடங்கிப்போயிருந்தது. சீட்டுகளுக்கு நடுவே ஒற்றைச் செருப்பும் யாரோ விட்டுப்போன குடையும் கிடந்தன. விசாரணை முடியும்வரை எதையும் தொடக்கூடாது என்று சொல்லி மேனேஜர் கதவுக்குக் குறுக்கே கயிறு கட்டவைத்தார்.

நடந்தது இதுதான். தூறலோடு விடிந்த ஒரு காலையில், மலைப்பாதையில் இருக்கும் பழைய சுரங்கத்துக்குள் அந்த பஸ் நுழைந்தது. சுரங்கத்துக்குள் விளக்கு கிடையாது. வண்டியின் வெளிச்சத்தை நம்பித்தான் போக வேண்டும். பாதி தூரம் போனதும் ஹெட்லைட் இரண்டும் ஒரேயடியாக அணைந்தன. டிரைவர் பிரேக்கை மிதித்தார். வண்டி சுவரை உரசிக்கொண்டே போய் நின்றது. பலருக்குச் சிராய்ப்பு. படிக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரர் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

விளக்கு தானாக அணைந்தது என்றார் டிரைவர். வண்டியின் கம்ப்யூட்டரோ, சுவிட்சிலிருந்து 'அணை' என்று செய்தி வந்தது, அணைத்தேன் என்று பதிவு வைத்திருந்தது. மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது. கை தவறி அணைத்துவிட்டு, பதறிப்போய் மறுபடி திருகியிருப்பார், இப்போது வண்டிமேல் பழியைப் போடுகிறார் என்று எல்லோருக்கும் சொன்னார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. டிரைவர் தூங்கிவிட்டார் என்று டயர் பிரிவில் பேசினார்கள். போனில் பேசிக்கொண்டிருந்தார் என்று டீசல் பங்க் பக்கம் பேசினார்கள்.

பணிமனையில் வயரிங் வேலை பார்ப்பவள் ஒருத்திதான். எல்லோரும் அவளைக் 'கரண்டு' என்று கூப்பிடுவார்கள். அவள் வரும்போது பேச்சு சட்டென்று நின்றுவிடும். ஏனென்றால் அந்த டிரைவர் அவளுக்கு அக்கா புருஷன். படித்துவிட்டு வேலையில்லாமல் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, இந்தப் பணிமனை வாசல்வரை கூட்டிவந்து விட்டவர் அவர்தான்.

அன்று சாயங்காலம் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். மாடி வீடு. படியேறும்போது, பாதியில் மாமா நிற்பதைப் பார்த்தாள். ஒரு கை சுவரில், இன்னொரு கையில் போன். இவளைக் கண்டதும் போனை உற்றுப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு மேலே ஏறினார். போன் திரை இருட்டாக இருந்ததை அவள் கவனித்தாள். கவலையில் மனிதர் நின்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

அக்கா அழுது ஓய்ந்திருந்தாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படிக் கேட்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் அவள் வயரிங்காரியாகவே கேட்டுவிட்டாள்.

"மாமா, கை ஏதும் பட்டுச்சா? தெரியாமக்கூட பட்டிருக்கலாம்."

அவர் தலையைத் தூக்கினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் கோபத்தில் சிவக்கவில்லை, வெளுத்தது.

"ஊரே கேக்குது. நீயும் கேட்டுட்ட. சரி, கேட்டாச்சுல்ல, போ" என்றார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காதான் வாசல்வரை வந்து, மனசில் வச்சுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள். மனசில் வைக்காமல் வேறெங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விசாரணை நாளன்று காலையிலேயே தலைமை அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் வந்துவிட்டார். நடுவயது, தணிந்த குரல். பிற்பகலில் மேனேஜரும் இரண்டு அதிகாரிகளும் உட்கார்ந்து டிரைவரிடம் விசாரிப்பார்கள். அதற்குள் வண்டியைப் பார்த்து அவர் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை வைத்துத்தான் போலீஸ் வழக்கு எந்தப் பக்கம் போகும் என்பது முடிவாகும்.

சொந்தக்காரி வண்டியைத் தொடக்கூடாது என்று மேனேஜர் தடுத்தார். இந்த வண்டியின் வயரிங் தெரிந்த வேறு ஆள் இங்கே யாராவது உண்டா என்று இன்ஜினியர் கேட்டார். மேனேஜர் கயிற்றை விட்டு விலகி நின்றார். "அவங்க தொடட்டும். நான் பக்கத்துலயே இருக்கேன். அவங்க கை எங்க போகுதோ என் கண்ணும் அங்க போகும்" என்றார் இன்ஜினியர். அவள் பக்கம் திரும்பி, உங்களுக்கு இதில் ஆட்சேபம் உண்டா என்றும் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

கயிற்றை அவிழ்த்து உள்ளே ஏறினார்கள். ஸ்டியரிங்கின் பக்கத்தில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் காம்பினேஷன் சுவிட்சில்தான் ஆரம்பித்தார்கள். அதன் நுனியைத் திருகினால் ஹெட்லைட் எரியும். ஆனால் பழைய வண்டிகளைப்போல அது விளக்குக்கு நேராகக் கரண்டை அனுப்புவதில்லை. திருகும் நிலைக்குத் தக்கபடி ஒரு வயரில் வோல்ட் மாறும். குறைந்த வோல்ட் என்றால் 'போடு', கூடின வோல்ட் என்றால் 'அணை'. ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி அதைப் படித்து, ஒற்றை வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்லும்.

அந்த ஒற்றை வயர்மேல்தான் அவளுக்குச் சந்தேகம். எங்கோ அறுந்து அறுந்து சேர்கிறது, அதனால் செய்தி குழம்பியிருக்கிறது என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். பேட்டரியை மாட்டி, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, அந்த வயரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

ஹெட்லைட் அணையவில்லை. எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் அசையாமல் நின்றன. கம்ப்யூட்டரின் பதிவைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் 'சுவிட்ச் தொடர்பு இல்லை' என்ற பிழை வந்து உட்கார்ந்தது.

இன்ஜினியர் அந்தப் பிழையை இரண்டு முறை படித்தார். பிறகு வருத்தத்தோடுதான் சொன்னார். செய்தி வராவிட்டால் விளக்கை எரியவிட வேண்டும் என்றுதான் இந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வயர் அறுந்திருந்தால் விளக்கு அணைந்திருக்காது, பிழையும் பதிவாகியிருக்கும். விபத்து நாளில் அப்படி எந்தப் பிழையும் பதிவாகவில்லை. ஆகவே வயரில் கோளாறு இல்லை. 'அணை' என்ற செய்தி ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது.

மாமாவைக் காப்பாற்ற என்று செய்த சோதனை அவருக்கே குழி தோண்டிவிட்டது. கொட்டகை வாசலில் நின்றிருந்த மேனேஜர், அப்புறம் என்ன என்பதுபோலக் கையை விரித்தார்.

சுவிட்சையே கழற்றிப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே தகடுகள் பளிச்சென்று இருந்தன. கருகல் இல்லை, ஈரம் இல்லை. திருகத் திருக மீட்டரில் எண்கள் சொல்லிவைத்தாற்போல வந்தன. திரும்ப மாட்டினாள். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். வெளியே மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. யாரும் அசையவில்லை.

மாமா உட்காரும் இடம். அவர் கண்ணுக்கு எதிரே இருப்பவை எல்லாம் இப்போது தன் கண்ணுக்கு எதிரே இருக்கின்றன என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வைப்பர், ஹாரன், கதவு பட்டன். அடுத்தது டிரைவர் முகத்துக்கு நேராகக் காற்றடிக்கும் ஃபேனின் திருகு. அது முழு வேகத்தில் இருந்தது; சாவி போடாததால் ஃபேன் ஓடவில்லை.

அவள் பார்வை அங்கேயே நின்றது. அன்று மழை, பஸ்ஸில் வந்தவர்கள் சால்வை போர்த்தியிருந்தார்கள். அந்தக் குளிரில் ஃபேனை முழுசாக வைத்தது யார்? இன்ஜினியரிடம் கேட்டாள். விபத்து நடந்த இடத்தில் எடுத்த போட்டோக்களை அவர் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அதிலும் திருகு அப்படியேதான் இருந்தது.

ஃபேனுக்கும் ஹெட்லைட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மேனேஜர் கேட்டார். ஒரு சம்பந்தம் இருந்தது. ஃபேனுக்குப் போகும் கரண்டும் சுவிட்சுக்குப் போகும் கரண்டும் திரும்பி வந்து சேரும் இடம் ஒன்றுதான். சீட்டுக்கு அடியில், தகரத்தோடு முடுக்கிய ஒரு போல்ட். அதை எர்த் என்பார்கள். இரண்டு தொட்டிக்கும் ஒரே சாக்கடை என்று வைத்துக்கொள்ளலாம். சாக்கடையில் அடைப்பு இருந்தால், பெரிய தொட்டியைத் திறந்துவிடும்போது சின்னத் தொட்டியிலும் தண்ணீர் எதிர்த்து ஏறும். அதேபோல ஃபேன் ஓடும்போது சுவிட்சின் வோல்ட் ஏறினால், பெட்டி அதை 'அணை' என்று படித்துவிடும்.

சுவிட்சின் வயரில் மீட்டரைக் குத்தி, சாவியையும் ஹெட்லைட்டையும் போட்டு, ஃபேனை ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடி முழுசாகத் திருகினாள். எண் ஏறியது. இன்ஜினியர் குனிந்தார். ஆனால் கொஞ்சம்தான் ஏறியது. 'அணை' என்ற அளவைத் தொடவில்லை. ஹெட்லைட் எரிந்துகொண்டே இருந்தது.

"போதாது" என்றார் இன்ஜினியர். அவர் குரலில் இப்போது ஏமாற்றம் இருந்தது. அவரும் தேட ஆரம்பித்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் ஃபேனை நிறுத்திவிட்டு, தரையில் படுத்து டார்ச்சை அடித்தாள். போல்ட்டைச் சுற்றி மழைத்தண்ணீர் இறங்கி இறங்கித் துரு பூத்திருந்தது. அதற்குப் போகும் வயர்க்கட்டு சீட்டின் காலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. அது காற்றில் மிதக்கும் சீட். உட்காருபவரின் எடைக்கு ஏற்றபடி இறங்கும். அவள் உட்கார்ந்தால் அது ஏனோதானோ என்று அசையும். மாமா உட்கார்ந்தால் நிலைமை வேறு. அவர் சீட்டில் உட்கார்ந்தால் பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்து வணக்கம் சொல்லும் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள்.

"சார், ரெண்டு பேட்டரி வேணும். லாரிக்குப் போடுற பெரிய பேட்டரி" என்றாள்.

எதற்கு என்று இன்ஜினியர் கேட்கவில்லை. அவரே போய் ஒன்றைத் தூக்கிவந்தார், இன்னொன்றை அவள் கொண்டுவந்தாள். மாமாவின் எடைக்கு ஈடாக இரண்டையும் சீட்டில் அடுக்கினார்கள். சீட் மூச்சு விட்டுக்கொண்டு இறங்கியது. கீழே வயர்க்கட்டு விறைப்பாக நின்று போல்ட்டை இழுத்தது. ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது. அவள் ஃபேனின் திருகில் கையை வைத்தாள். ஒரு நிலை. இரண்டாம் நிலை. ஒன்றும் ஆகவில்லை. முழுசாகத் திருகினாள்.

சுவரிலிருந்த வெளிச்ச வட்டங்கள் இரண்டும் காணாமல் போயின.

சுவிட்ச் 'போடு' என்ற நிலையில் அப்படியே இருந்தது. அதன் நுனியை முன்னும் பின்னும் திருகிப் பார்த்தாள், விளக்கு வரவில்லை. ஸ்கேனரில் பிழை எதுவும் இல்லை. சுவிட்சிலிருந்து 'அணை' என்று செய்தி வந்தது, அணைத்தேன் என்று மட்டும் இருந்தது. அந்தச் சின்னப் பெட்டி பொய் சொல்லவில்லை. தன் காதில் விழுந்த தவறான எண்ணை அப்படியே நம்பிக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். கை அணைக்கவில்லை. மாமாவிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

இன்ஜினியர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார். இதே மாதிரி வண்டிகள் மற்ற ஊர்களில் எத்தனை ஓடுகின்றனவோ அவற்றையெல்லாம் உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று போனில் சொன்னார். பிறகு அவள் பக்கத்தில் வந்து, ஒரு சிக்கல் இருக்கிறது என்றார்.

"இப்படி நடக்கும்னு காட்டிட்டீங்க. அன்னிக்கு இப்படித்தான் நடந்துச்சுன்னு காட்டல. சுரங்கத்துக்குள்ள வேற எதையாவது தொட்டீங்களான்னு போலீஸ் கேட்டிருக்காங்க. எதையுமே தொடலன்னு டிரைவர் சொல்லியிருக்கார். ஃபேன் போடலன்னு தனியாவே சொல்லியிருக்கார்."

போட்டோ இருக்கிறதே என்றாள். விபத்துக்குப் பிறகு பயணிகளை டிரைவர் பக்கக் கதவு வழியாகத்தான் இறக்கினார்கள், யார் முழங்கையாவது தட்டியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்றார் அவர். சொல்ல வேண்டிய ஆள் சொன்னால் ஒழிய இது நிற்காது.

மாமா எதற்காக இல்லையென்று சொன்னார்? மறந்திருக்க மாட்டார். ஃபேனைத் தனியாகச் சொல்லி மறுத்திருக்கிறார் என்றால் மறைக்கிறார். குளிரில் ஒரு மனிதன் முகத்துக்கு நேராக முழுக் காற்றை வைத்துக்கொள்வானேன் என்று யோசித்தபோது, மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற உருவம் அவள் நினைவுக்கு வந்தது.

மாமா அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துவைத்து இஸ்திரி போட்ட யூனிஃபார்ம். பக்கத்தில் அக்கா. அவள் தண்ணீர் வாங்கிவரச் சொல்லி அக்காவை அனுப்பிவிட்டு, அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். கோளாறு கிடைத்துவிட்டது என்றாள். அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஃபேன் போட்டால்தான் அணைகிறது என்றதும் மலர்ந்தது சுருங்கியது.

"நான் ஃபேன் போடல" என்றார்.

"மாமா, நெஞ்சு அடைச்சுதா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு, காற்றுக்கே கேட்காத குரலில் சொன்னார். சில மாதங்களாகவே அப்படித்தான். ஏறும்போது அடைக்கும், நின்றால் சரியாகிவிடும். அன்று சுரங்கத்துக்குள் நுழைந்ததும் திடீரென்று மூச்சு வாங்கியது, நெற்றி வேர்த்தது. காற்று வேண்டும்போல இருந்தது, ஃபேனைத் திருகினார். திருகின அதே நொடியில் இருட்டு.

"சொன்னா ஸ்டியரிங்க என் கையிலேர்ந்து பிடுங்கிடுவாங்க. எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு. லைட்ட அணைச்சேன்னு சொன்னாக்கூட ஒரு வருஷம் சஸ்பெண்டு, அப்புறம் எடுத்துப்பாங்க. நெஞ்சு வலின்னு சொன்னா அதோட முடிஞ்சுது."

அவளுக்குக் கோபம் வந்தது. மூன்று நாளாகத் தான் வயரோடு மல்லுக்கட்டியதற்காக அல்ல. பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, அடைக்கிற நெஞ்சோடு மலை ஏறியிருக்கிறார். விளக்கு அணையாமல் இவர் மயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எத்தனை நாளா எனக்குத் தெரியாம வச்சிருந்தீங்க?"

அக்கா தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அக்கா அழவில்லை, சத்தம் போடவில்லை. பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு ஸ்டியரிங் வேணும். எனக்கு நீங்க வேணும். உள்ள போய் என்ன சொல்லணுமோ நீங்களே முடிவு பண்ணிக்கோங்க" என்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். கதவு சாத்திக்கொண்டது. அக்காவும் தங்கையும் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பேசுவது கேட்கவில்லை. மேனேஜரின் குரல் ஒருமுறை உயர்ந்தது. பிறகு நெடுநேரம் ஒருவர் மட்டுமே பேசுவதுபோல ஒரே சீரான முணுமுணுப்பு. அது மாமாவின் குரல்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அக்கா தன் வளையலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

கதவு திறந்தபோது முதலில் வந்தது இன்ஜினியர். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறேன், பயப்பட வேண்டாம், நடந்தே ஏறுவார் என்றார். "எல்லாத்தையும் சொல்லிட்டார். முதல் வார்த்தையே, போலீஸ்கிட்ட பொய் சொன்னேன்னுதான் ஆரம்பிச்சார்" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அக்காவின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அடைப்பை நீக்கினார்கள். விபத்துக்குக் காரணம் துருப்பிடித்த எர்த் என்று இன்ஜினியரின் கருத்து போனது; வேறு பணிமனைகளிலும் சில வண்டிகளில் அதே துரு இருந்தது. போலீஸ் டிரைவர்மேல் போட்ட வழக்கைக் கைவிட்டது. உடம்பை மறைத்ததற்காக மேனேஜர் தனியாக ஒரு நடவடிக்கை எடுத்தார். அதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை. அவர் எதிர்பார்த்தபடியே ஸ்டியரிங் போய்விட்டது. பஸ்கள் புறப்படும் நேரத்தைப் பார்த்து அனுப்பும் அறையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

தேறி எழுந்ததும் அவர் முதலில் போனது தையல்காரர் வீட்டுக்கு. என்ன பேசினார்கள் என்று வீட்டில் சொல்லவில்லை. திரும்பி வந்து நெடுநேரம் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார் என்று அக்கா சொன்னாள்.

மச்சினியோடு பேச்சு உடனே திரும்பவில்லை. எதிரில் வந்தால் தலையசைப்பார். அவளும் வலியப் போகவில்லை. அவளுக்குக் குற்றவுணர்வும் இருந்தது, கோபமும் இருந்தது. எது பெரியது என்று அளக்க மீட்டர் இல்லை.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒரு நாள், அவர் ஒரு டிரைவரைத் தோளில் கைபோட்டு அவள் கொட்டகைக்குக் கூட்டிவந்தார். அந்த டிரைவரின் பஸ்ஸில் வைப்பர் சில நேரம் தானாக நின்றுவிடுகிறதாம். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்களாம்.

"என்ன கேக்கணுமோ இவன்கிட்ட கேளு. நான் பக்கத்துல இருக்கேன், பொய் சொன்னா நானே பிடிச்சுடுவேன். எனக்கு அதுல அனுபவம் உண்டு" என்றார் மாமா.

அந்த டிரைவர் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். மாமா படியில் ஏறவில்லை. கீழேயே நின்று, எந்த இடத்தில், எந்த வேகத்தில், வேறு என்னென்ன போட்டிருந்தாய் என்று அந்த டிரைவரைத் துளைக்க ஆரம்பித்தார்.